யோனாவை வாசிக்க இருந்தவன்

யூதர்களின் பாவமன்னிப்பு நாளான யோம் கிப்பூருக்கு முந்தின நாள் விடிந்ததிலிருந்தே திர்ஸாவின் கைபேசி ஓயவில்லை. "இந்த வருடம் அறிந்தோ அறியாமலோ உங்கள் மனம் நோகும்படி நடந்திருந்தால் மன்னித்துவிடுங்கள்." எல்லாரிடமிருந்தும் அதே வாசகம், அதே வெள்ளைப் புறாப் படம். பல் வைத்தியர் வீட்டிலிருந்து வந்தது. குடியிருப்புச் சங்கத் தலைவியிடமிருந்து வந்தது. நான்கு வருடத்துக்கு முன் குளிர்சாதனப் பெட்டியைப் பழுதுபார்த்துவிட்டுப் போனவன்கூட அனுப்பியிருந்தான். ஒருத்தர் வாயில் மென்றதை அடுத்தவர் வாங்கி மெல்லுவதுபோல் இருந்தது அவளுக்கு. பதினொரு மணிக்கு அசாயேலிடமிருந்தும் வந்தது. புறாகூட மாறவில்லை. அவள் கைபேசியைச் சமையலறை இழுப்பறையில் கைத்துணிகளுக்கு அடியில் தள்ளி மூடினாள்.

அசாயேல் அவள் கணவன். அவர்கள் பிரிந்து ஒன்பது வருடம் ஆகிவிட்டது. ஆனால் யூதச் சட்டத்தில் கணவன் தன் கையால் விவாகரத்துக்கான தள்ளுதற்சீட்டைக் கொடுத்தால்தான் மனைவிக்கு விடுதலை. அவன் கொடுக்கவில்லை. யூத குருமார்களான ரபிகளின் நீதிமன்றத்தில் இரண்டு முறை கொடுப்பதாக ஒப்புக்கொண்டான். இரண்டு முறையும் அந்தத் தேதியில் அவனுக்கு முதுகுவலி வந்துவிட்டது. சீட்டு இல்லாமல் அவள் இன்னொருவனோடு வாழ முடியாது. வாழ்ந்து பிள்ளை பெற்றால் அந்தப் பிள்ளைக்குச் சமூகத்தில் யாரும் பெண் கொடுக்கமாட்டார்கள், பெண் எடுக்கமாட்டார்கள். உரியேல் என்று ஒருவன் அவளுக்காக நான்கு வருடம் காத்திருந்தான். அப்புறம் அவனும் சலித்துப்போய் ஆஷ்தோதில் ஒருத்தியைக் கட்டிக்கொண்டான். அவள் அவனைக் குறை சொல்லவில்லை. அவளுக்கு இப்போது முப்பத்தொன்பது வயது.

ஹைஃபாவில் மலைச் சரிவில் இருந்த அந்தப் பேட்டையில் அசாயேலைப் பிடிக்காதவர்கள் கிடையாது. பிசியோதெரபி பார்ப்பவன். கிழவர்களின் முட்டியைப் பிடித்துவிடும்போது பாட்டும் பாடுவான். ஜெப ஆலயத்தில் அவன் குரல் எழுந்தால் பேசிக்கொண்டிருப்பவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். அந்தக் குரலைத் திர்ஸா சமையலறையிலும் கேட்டிருக்கிறாள். அவன் கத்தியதே இல்லை. அவள் சாப்பிட உட்காரும்போது பக்கத்தில் வந்து நின்று, அவள் சூப்பில் தன் ஆள்காட்டி விரலை விட்டு மெதுவாகச் சுற்றுவான். "உப்பு சரியா இருக்கான்னு பார்த்தேன், குடி" என்பான். அவள் குடித்து முடிக்கும்வரை நின்று பார்ப்பான். ஆறு வருடம் இப்படி நடந்தது. கையை முறுக்கினான், குளிரில் பால்கனியில் வைத்துப் பூட்டினான், அதெல்லாம் நீதிமன்றத்தில் சொல்ல முடிந்தது. விரலைப் பற்றிச் சொன்னபோது நீதிபதிகளில் ஒருவர், "அவ்வளவுதானா?" என்று கேட்டார்.

பிரிந்த பிறகு அவன் ஊரெல்லாம் சொன்னது ஒரே விஷயம்தான். தன் வீட்டுக் கதவு திறந்தே இருக்கிறது, அவள் எப்போது திரும்பி வந்தாலும் இரு கைகளால் ஏந்திக்கொள்வேன் என்று. ஊர் அதை நம்பியது. அவள் கல்நெஞ்சக்காரி ஆனாள்.

அன்று மூன்று மணிக்குக் கதவு தட்டும் சத்தம் கேட்டது. திர்ஸா நோன்புக்கு முன்னான கடைசிச் சாப்பாட்டுக்குக் கோழி சூப்பைச் சுடவைத்துக்கொண்டிருந்தாள். திறந்தால் நான்கு ஆண்கள். முன்னால் அசாயேல், நோன்புக்கு முன் போடும் முழுக்குப் போட்டுவிட்டு வந்த ஈரத் தலையோடு, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில். அவனுக்குப் பின்னால் படிக்கட்டில் ஆலயத்தை நிர்வகிக்கும் குழாய்க்காரர் பூனிம், மருந்துக்கடை கல்மன், கீழ்வீட்டு ரோஸ்னர். மூன்று பேருமே அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அவர்கள் எதற்கு வந்திருக்கிறார்கள் என்று பார்த்த உடனே தெரிந்தது. ஒருவன் இன்னொருவருக்குத் தீங்கு செய்தால், யோம் கிப்பூர் அதைக் கழுவாது. போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். மறுத்தால் மறுபடியும் கேட்க வேண்டும், ஒவ்வொரு முறையும் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போய். மூன்று முறை கேட்டும் கிடைக்காவிட்டால் கேட்டவன் கடமை தீர்ந்தது. அசாயேல் மூன்று வாரத்துக்கு முன் அவள் சில்லு தேய்க்கும் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மூன்று பேரோடு வந்தான். போன வாரம் பேருந்து நிறுத்தத்துக்கு மூன்று பேரோடு வந்தான். இது மூன்றாவது.

"திர்ஸா, நாளைக்குப் புனித நாள். நான் உனக்கு ஏதாவது தப்புப் பண்ணியிருந்தா மன்னிச்சிடு" என்றான். குரலில் தேன் வடிந்தது.

"ஏதாவதுன்னா?"

"மனுஷன்னா தப்பு இருக்கத்தான் செய்யும்."

"சீட்டைக் குடுக்கறியா?"

"அது வேற விஷயம். இன்னிக்கு நான் மன்னிப்புக் கேட்க வந்திருக்கேன்."

"ஒம்போது வருஷமா அது வேற விஷயமாத்தான் இருக்கு."

"என் வீட்டுக் கதவு திறந்தேதான் கிடக்கு" என்றான் அவன், பின்னால் நிற்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி. "நீ எப்ப வந்தாலும் வா. இவங்க முன்னாடி சொல்றேன்."

கல்மன் மூக்கை உறிஞ்சினார். அவர் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் திர்ஸாவுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. அசாயேல் பேசியதற்குக்கூட அப்படி வரவில்லை. அவன் பேச்சு அவளுக்குப் பழகியது. இந்த ஈரக் கண்தான் தாங்கவில்லை.

"மன்னிக்கல" என்றாள்.

அவன் தலையைத் திருப்பி மூவரையும் பார்த்தான். "கேட்டீங்கல்ல?" என்று மெல்லச் சொன்னான். அவள் கதவைச் சாத்தினாள். செருப்புச் சத்தம் இறங்கிக்கொண்டே போயிற்று. இரண்டாவது திருப்பத்தில் நின்றது. அசாயேல் தணிந்த குரலில் ஏதோ சொன்னான்; என்ன என்று காதில் விழவில்லை. ஆண்கள் சிரிக்கும் சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்டது.

சூப் கொதித்து வழிந்திருந்தது. கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். கரண்டியை எடுக்க முடியவில்லை. அப்படியே கொண்டுபோய்த் தொட்டியில் கொட்டிவிட்டு, வெறும் வயிற்றோடு விளக்கை ஏற்றினாள். இருபத்தைந்து மணி நேர நோன்பை அவள் அப்படித்தான் தொடங்கினாள்.

மறுநாள் முழுக்கப் பேட்டையில் ஒரு வண்டி ஓடவில்லை. தோல் செருப்பு கூடாது என்பதால் எல்லாரும் துணிச் செருப்பிலும் ரப்பர் செருப்பிலும் ஆலயத்துக்கு ஏறி வந்தார்கள். திர்ஸா மாடியில் பெண்கள் பகுதியில், தடுப்புத் திரை ஓரமாகத் தன் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள். திரையில் ஒரு இடத்தில் நூல் பிரிந்து ஓட்டை விழுந்திருந்தது. அதன் வழியே கீழே ஆண்கள் கூடமும் தோரா வேதச் சுருள்கள் வைத்திருக்கும் பேழையின் வெள்ளைத் திரையும் தெரியும்.

அவள் ஏன் அந்த ஆலயத்துக்கே வந்தாள் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். வேறு ஆலயத்துக்குப் போகலாமே என்று ஆலயத்தின் ரபி ஹெர்ட்ஸ்காவே ஒருமுறை தன்மையாகச் சொன்னார். அவள் அப்பா கல் சுமந்து கட்டிய ஆலயம் அது. அவன் இருக்கிறான் என்பதற்காக அவள் ஏன் கிளம்ப வேண்டும்?

காலை ஜெபத்தில் பாவ அறிக்கை சொல்லும்போது எல்லாரும் ஒரே குரலில் பாவங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி நெஞ்சில் குத்திக்கொண்டார்கள். இரக்கமில்லாமல் நடந்ததற்காக, நாவால் செய்ததற்காக, வம்பு பேசியதற்காக. அசாயேல் எல்லாரையும்விடப் பலமாகக் குத்திக்கொண்டான். அந்தச் சத்தம் மாடிவரை கேட்டது. திர்ஸாவும் குத்திக்கொண்டாள். ஆனால் அவள் கை நெஞ்சில் படும்போதெல்லாம் அவன் கை படுகிற சத்தமும் சேர்ந்து வந்தது. பாதியில் கையை மடியில் வைத்துவிட்டாள்.

மதியத்துக்குமேல் கூடத்தில் காற்றே இல்லை. தண்ணீரும் இல்லாமல் கிடந்த நூறு வாய்களின் நாற்றம் மாடிக்கு ஏறி வந்தது. கிழவர்கள் மூக்குப்பொடி டப்பாவைக் கைமாற்றிக் கைமாற்றித் தும்மினார்கள். பொடி கலந்த பழுப்புச் சளியைக் கைக்குட்டையில் துடைத்து அதே கைக்குட்டையால் முகத்தையும் துடைத்தார்கள். பெண்கள் கிராம்பு குத்திய சீமை மாதுளையை மோந்து மோந்து அடுத்தவரிடம் தந்தார்கள். பழம் திர்ஸாவிடம் வந்தபோது அதன் தோல் இருபது பேர் மூச்சில் வேர்த்திருந்தது. வேண்டாமென்று தள்ளிவிட்டாள்.

மாலை ஜெபத்துக்கு முன் சற்று ஓய்வு விட்டார்கள். அசாயேல் முற்றத்தில், பெண்கள் பகுதி ஜன்னலுக்கு நேர் கீழே நின்று மீன் விழுங்கிய தீர்க்கதரிசி யோனாவின் புத்தகத்தை மெல்லப் பாடிப் பார்த்துக்கொண்டிருந்தான். மாலை ஜெபத்தில் வேத வாசிப்புக்கு மூன்றாவதாக அழைக்கப்படுகிறவர் யோனாவை வாசிப்பார். அந்த நாளின் பெரிய மரியாதை அது. பூனிம் ஒன்பது வருடமாக அதை அசாயேலுக்கே கொடுத்து வந்தார். அதிலும் அந்த வசந்தத்தில் அசாயேலின் அப்பா இறந்திருந்தார். துக்கம் காக்கிற மகன் வேறு.

"என்ன குரல் பாரு" என்று பூனிமின் மனைவி ஷைந்தல் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். அப்புறம் திர்ஸாவின் பக்கம் குனிந்தாள். வாயிலிருந்து புளித்த வாடை அடித்தது. "நேத்துகூட உன் வாசல்ல வந்து நின்னாராமே. ஒம்போது வருஷம் ஒரு ஆம்பளை காத்துக்கிட்டிருக்கான். யோனா கதையில கடவுளே நினிவே ஊரை மன்னிச்சாரு. உனக்கு என்னடி அப்படி ஒரு நெஞ்சு?"

திர்ஸாவுக்குக் கோபம் வரவில்லை, வந்தது அருவருப்புத்தான். கீழே அந்தக் குரல், மீனின் வயிற்றிலிருந்து யோனா செய்த ஜெபத்தைப் பாடிக்கொண்டிருந்தது. இங்கே ஷைந்தலின் மூச்சு. இதற்குள்தான் ஒன்பது வருடமாக உட்கார்ந்திருக்கிறோம் என்று நினைத்தாள். உட்கார்ந்து, எழுந்து, ஆமென் சொல்லிக்கொண்டு. தன்மேல்தான் அவளுக்கு அதிகம் அருவருப்பாக இருந்தது.

அவள் எழுந்து படியிறங்கினாள். கழிப்பறைக்குப் போகிறாள் என்று மற்றவர்கள் நினைத்தார்கள்.

மாலை ஜெபம் தொடங்கியிருந்தது. தோராச் சுருளை எடுக்கப் பேழையைத் திறக்க ஒருவர் முன்னே வந்துகொண்டிருந்தார். திர்ஸா ஆண்கள் கூடத்தின் நடுவே, பெஞ்சுகளுக்கு இடையில் நடந்து போய், பேழையின் வெள்ளைத் திரைக்கு முதுகைக் கொடுத்து நின்றாள். சில பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். யாரோ ஒரு கிழவர் அவளுக்கு மயக்கம் வந்துவிட்டது என்று நினைத்து நாற்காலி கேட்டார்.

"நான் வாசிப்பைத் தடுக்கறேன்" என்றாள். முதலில் குரல் எழவில்லை, மறுபடியும் சொன்னாள். "அநியாயம் நடந்தவங்க இப்படி நின்னு தடுக்கலாம்னு நம்ம பெரியவங்க காலத்துலேர்ந்து வழக்கம் இருக்கு. ரபிக்குத் தெரியும். நான் ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அவர்கிட்டக் கேட்டேன். புத்தகத்துல இருக்குன்னு சொன்னார். என் சீட்டுக்கு ஒரு பதில் சொல்லுங்க. அப்புறம் சுருளை எடுங்க."

கூடத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். இதுவா இடம், இதுவா நாள் என்று ஒருவர். நோன்பு முடிந்ததும் உட்கார்ந்து பேசலாம் என்று இன்னொருவர். சூரியன் இறங்குகிறது, நாளின் கடைசியான வாசல் அடைப்பு ஜெபத்துக்கு நேரமாகிறது, நூறு பேரைப் பட்டினியில் நிறுத்தி வைப்பது பாவம் இல்லையா என்று மூன்றாமவர். ஒவ்வொருவரும் அவள் முகத்துக்கு நேரே வந்து சொன்னார்கள். காய்ந்த உதடுகளின் ஓரத்தில் வெள்ளையாக எச்சில் படிந்திருந்தது. ஒன்பது வருடத்தில் ஒருநாள்கூட இவர்களில் யாரும் இவ்வளவு பதற்றமாக அவளிடம் வந்ததில்லை. இப்போதும் அவர்கள் பதறியது காப்பிக்காகத்தான்.

ரபி ஹெர்ட்ஸ்கா புத்தகத்தைப் புரட்டினார். புரட்டிய பக்கத்தில் அவர் தேடியது எதுவும் இல்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. அசாயேல் தன் இடத்தில் எழுந்து நின்றான். அவன் முகத்தில் வருத்தம் இருந்தது. அவள் பார்த்ததிலேயே அழகான வருத்தம் அது.

"யாரும் அவளைக் கடிஞ்சு பேசாதீங்க" என்றான். "அவளுக்கு உடம்பு சரியில்ல. நோன்பு முடியட்டும், நானே வந்து பேசறேன். திர்ஸா, வா, ஓரமா வந்து உட்காரு."

பல தலைகள் ஆடின. அவன் அவள் முழங்கையைப் பிடிக்கக் கை நீட்டி வந்தான். அவள் திரைத்துணியோடு ஒட்டிக்கொண்டாள்.

"அசாயேல், அங்கேயே நில்லுங்க" என்று ஒரு குரல் வந்தது. பூனிம்.

பூனிம் வாசிப்பு மேடையில், பெயர் கூப்பிடும் சீட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். ஐம்பத்தெட்டு வயது. கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவர். பெயர் கூப்பிடுவதோடு சரி.

"நேத்து நாங்க மூணு பேரும் சாட்சியாப் போனோம்" என்றார். "சாட்சின்னா நடந்ததைச் சொல்லணும். மன்னிப்புக் கேட்டார், அவங்க தரல. அது உண்மை. படியில இறங்கறப்ப இவர் ஒண்ணு சொன்னார். அதையும் சொல்லணும்ல?"

அசாயேல் சிரித்தான். "பூனிம், வேண்டாம்."

"'மூணு தடவை ஆச்சு, இனிமே பாவம் அவ கழுத்துல'ன்னார். 'ஜனவரியில அவளுக்கு நாப்பது ஆகுது. அப்புறம் சீட்டைக் குடுத்தாத்தான் என்ன, அவ வயித்துல இனிமே என்ன முளைக்கப் போகுது'ன்னு சொன்னார்." பூனிம் நிறுத்தி எச்சில் விழுங்கப் பார்த்தார். விழுங்க எதுவும் இல்லை. "நான் சிரிச்சேன். கல்மனும் சிரிச்சான். ரோஸ்னர் சிரிச்சாரான்னு எனக்குத் தெரியல. ராத்திரி பூரா எனக்கு அந்தச் சிரிப்புத்தான். இவங்க கதவுக்குப் பின்னாடி நின்னு கேட்டிருப்பாங்களோன்னு."

மாடியில் திரைக்குப் பின்னால் நாற்காலி ஒன்று நகர்ந்தது. வெளியே வெறும் சாலையில் பிள்ளைகள் சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

கல்மன் தலையைக் குனிந்துகொண்டே, "சொன்னார்" என்றார். "அப்படித்தான் சொன்னார்."

"வேடிக்கைக்குச் சொன்னது" என்றான் அசாயேல். "ஆம்பளைங்க நாலு பேர் இருந்தா பேசறதில்லையா? ரபி, நீங்க சொல்லுங்க. எங்கப்பா போய் ஆறு மாசம் ஆகல. நான் யோனாவை வாசிக்கணும்."

"உங்க பேரை நான் கூப்பிடப்போறதில்ல" என்றார் பூனிம். "சீட்டைக் குடுக்கற வரைக்கும் கூப்பிடமாட்டேன். வேற நிர்வாகியைப் போட்டுக்கிட்டா போட்டுக்கோங்க."

எல்லாரும் ரபியைப் பார்த்தார்கள். ரபி புத்தகத்தை மூடினார். மனைவியை இப்படிக் கட்டிவைத்திருக்கிறவனை கூட்டு ஜெபத்துக்குத் தேவையான பத்து ஆண்களில் சேர்க்க வேண்டாம், மரியாதை எதுவும் தர வேண்டாம், அவனோடு பேச்சு வேண்டாம் என்று ஒரு பழைய ஏற்பாடு உண்டு என்றார். அதை இன்றுமுதல் இந்த ஆலயத்தில் கடைப்பிடிக்கலாம் என்றார். கைவசம் இருந்த ஒன்றைத் தேடி எடுத்துத் தருகிற மாதிரிதான் சொன்னார். திர்ஸா அவரைப் பார்த்தாள். இதே ஏற்பாடு ஒன்பது வருடமும் அவர் தலைக்குள் இருந்திருக்கிறது. அவளுக்கு நன்றி சொல்ல வாய் வரவில்லை.

"அவன் வெளியே போனப்புறம் நான் நகர்றேன்" என்றாள்.

அசாயேல் அவசரப்படவில்லை. ஜெபச் சால்வையைக் கழற்றினான், முனையோடு முனை சேர்த்து மடித்தான், பையில் வைத்தான். கதவருகே போய்த் திரும்பி, "உங்க எல்லாரையும் மன்னிச்சிட்டேன்" என்றான். யாரோ ஒருவர் பழக்கத்தில் தலையசைத்துவிட்டுச் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

யோனாவைப் பூனிமே வாசித்தார். கரகரத்த குரல், இரண்டு இடத்தில் ராகம் தப்பியது, ஒரு இடத்தில் வார்த்தையே தப்பி மற்றவர்கள் திருத்தினார்கள். திர்ஸா மாடியில் தன் இடத்துக்கு வந்திருந்தாள். பெண்கள் அவளுக்கு இருபக்கமும் இடம் விட்டு உட்கார்ந்தார்கள். மரியாதையா பயமா என்று தெரியவில்லை. ஷைந்தல் திரும்பிப் பார்க்கவே இல்லை. பின்னால் ஒருத்தி மட்டும் கிசுகிசுத்தாள்: நியாயம்தான், ஆனால் நாளைக்குச் செய்திருக்கலாம்.

வாசல் அடைப்பு ஜெபம் முடிந்து, கொம்பு ஊதி, நட்சத்திரம் தெரிந்ததும் எல்லாரும் கேக்குக்கும் காப்பிக்கும் ஓடினார்கள். அப்போதுதான் செய்தி வந்தது. அசாயேல் சரிவில் இரண்டு தெரு தள்ளியிருந்த இன்னொரு ஆலயத்துக்குப் போயிருந்தான். அங்கே யாருக்கும் விஷயம் தெரியாது. நல்ல குரல் என்று அவனையே முன்னால் நிறுத்தி, கடைசி ஜெபத்தை அவனை வைத்தே நடத்தியிருந்தார்கள். பெண்கள் அழுதார்களாம்.

திர்ஸா வீட்டுக்குப் போய் ரொட்டியை வாயில் வைத்தாள், இறங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பூனிம் வந்து கதவைத் தட்டினார். தனியாக வந்திருந்தார். இன்னும் துணிச் செருப்புத்தான், வாயில் தண்ணீர்கூடப் படவில்லை. அந்த ஆலயத்துக்குப் போய் நிர்வாகியிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு வருகிறேன் என்றார். மலையில் மொத்தம் பதினான்கு ஆலயங்கள் இருக்கின்றன, எல்லா இடத்துக்கும் போகிறேன் என்றார். பிறகு நிலைப்படியைப் பார்த்தபடி நின்றார்.

"சிரிச்சதுக்கு மன்னிப்புக் கேட்கணும்" என்றார். "ஒம்போது வருஷம் அவனுக்கு யோனாவைக் குடுத்ததுக்கும்."

திர்ஸா அவரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். காப்பி போட்டுக் கொடுத்தாள், ரொட்டியை நறுக்கி வைத்தாள். மன்னித்தேன் என்று சொல்லத்தான் நினைத்தாள். அந்தச் சொல்லை எடுக்கப் போனபோது முந்தின நாள் காலையில் கைபேசியில் வந்த வெள்ளைப் புறாக்கள் எல்லாம் சேர்ந்து வந்தன.

"என்னால இப்ப முடியல, பூனிம்" என்றாள்.

"சரிம்மா" என்று சொல்லிவிட்டு அவர் காப்பியைக் குடித்து முடித்தார்.

அவர் சொன்னபடியே செய்தார். வேலை முடிந்து தன் குழாய்வண்டியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு ஆலயமாகப் போனார். ரபி கையெழுத்திட்ட ஒரு தாளைக் காட்டினார். சில இடங்களில் வாசலோடு அனுப்பினார்கள். குடும்பச் சண்டையில் நாங்கள் தலையிடுவதில்லை என்றார்கள். மற்ற இடங்களில் கேட்டுக்கொண்டார்கள். அசாயேல் செத்துப்போன அப்பாவுக்காகத் தினமும் மூன்று வேளை காதிஷ் ஜெபம் சொல்ல வேண்டும்; பத்து ஆண்கள் கூடிப் பதில் சொன்னால்தான் அது செல்லும். ஒரு ஆலயத்தில் அவன் உள்ளே நுழைந்ததும் ஒருவர் புத்தகத்தை மூடிவிட்டு வெளியே போனார். ஒன்பது பேர் மிஞ்சினார்கள். அவன் வாயைத் திறந்தபடியே நின்றான். அந்த மாரிக்காலம் முழுக்க அவன் மலையை விட்டு இறங்கி, துறைமுகம் பக்கம், அக்கோ பக்கம் என்று ஒவ்வொரு ஊராகத் தெரியாத ஆலயங்களைத் தேடிப்போனான். பூனிமின் தாள் அங்கேயும் போய்ச் சேர்ந்தது.

ஜனவரி பதினேழாம் தேதி திர்ஸாவுக்கு நாற்பது வயது ஆயிற்று. பிப்ரவரி மூன்றாம் தேதி அசாயேல் நீதிமன்றத்துக்குத் தகவல் கொடுத்தான்: சீட்டுக் கொடுக்கத் தயார்.

ஏன் கொடுத்தான் என்பது அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை. பத்தாவது ஆள் கிடைக்காமல் கொடுத்தானா, நாற்பது ஆகட்டும் என்று காத்திருந்து கொடுத்தானா? இரண்டையும் யோசித்துப் பார்த்து, இரண்டாவதில் பாதியிலேயே யோசிப்பதை நிறுத்தினாள்.

நீதிமன்றத்தில் எழுத்தர் பன்னிரண்டு வரியை மையால் எழுதி, காயும்வரை எல்லாரையும் காத்திருக்க வைத்தார். மோதிரத்தைக் கழற்றச் சொன்னார்கள். அவள் விரலில் மோதிரம் இல்லாமல் பல வருடம் ஆகிறது. இரண்டு கைகளையும் சேர்த்துக் குழிவாக ஏந்தச் சொன்னார்கள். தானாகப் பிடுங்கக் கூடாது. அவன் போடும்வரை விரல் அசையக் கூடாது. அசாயேல் மடித்த தாளை அவள் கைகளுக்கு மேலே பிடித்துக்கொண்டு, தேவைக்கு மேல் சில நொடிகள் அப்படியே வைத்திருந்தான். அவன் நகம் சுத்தமாக, வட்டமாக வெட்டியிருந்தது. பிறகு விட்டான். "இதோ உன் சீட்டு. இனி நீ எந்த ஆணுக்கும் உரியவளாகலாம்" என்று சொல்ல வேண்டியதைச் சொன்னான். நல்ல குரல். எழுத்தர்கூட நிமிர்ந்து பார்த்தார்.

சொன்னபடி அவள் தாளை அக்குளில் இடுக்கிக்கொண்டு வாசல்வரை நடந்து திரும்பினாள். அவர்கள் தாளை வாங்கி, ஓரத்தில் கிழித்து, கோப்பில் வைத்தார்கள். மூத்த நீதிபதி அவளை வாழ்த்தினார். அவள் கழிப்பறைக்குப் போய், பச்சைச் சோப்புத் திரவத்தை உள்ளங்கை நிறைய ஊற்றி முழங்கைவரை தேய்த்துக் கழுவினாள். இன்னொருமுறை கழுவினாள். பக்கத்தில் வந்த பெண் தண்ணீருக்காகக் காத்துக்கொண்டு நின்றாள்.

வெளியே மழை. பூனிம் எதிர்ச் சாரியில் வண்டியை நிறுத்தியிருந்தார். அவரை வரச்சொன்னது யார் என்று அவள் கேட்கவில்லை, ஏறி உட்கார்ந்தாள். பின்னால் யாரோ வீட்டுச் சாக்கடைக் குழாயின் துண்டுகள் கிடந்தன, வண்டியே நாறியது. ஜன்னலை இறக்கட்டுமா என்று அவர் வெட்கத்தோடு கேட்டார்.

"வேண்டாம், இருக்கட்டும்" என்றாள் திர்ஸா. "எனக்குப் பசிக்குது. எங்கயாவது நிறுத்துங்க."